எட்டுக் கம்பியில் நாலு கம்பி

முதலில் குரல்தான் வந்தது. "தண்ணீர் நிரம்பிவிட்டது, தயவுசெய்து மோட்டாரை நிறுத்தவும்" என்று ஒன்பது வருடமாக ஒருநாள்கூடத் தொண்டை கட்டாமல் சொல்லிவந்த அந்த முகமில்லாத பெண்குரல், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு "தண்ணீர் நிரம்பி" என்று ஆரம்பித்து, "நிரம்பி, நிரம்பி, நிரம்பி" என்று அந்த ஒரு சொல்லிலேயே காலை ஊன்றிக்கொண்டு நகர மறுத்தது. சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சுலோசனா போய் மோட்டாரை நிறுத்தினாள். மோட்டார் நின்றது, குரல் நிற்கவில்லை. சுவரில் இருந்த டப்பாவின் மண்டையில் ரெண்டு தட்டுத் தட்டியதும் அதுவும் நின்றது. அப்போதுதான் கூடத்தில் இன்னொரு குரலும் பாதியில் நின்றுபோயிருப்பது அவளுக்கு உறைத்தது.

"சுலோ, உன்கிட்ட இத்தன வருசமா ஒண்ணு சொல்லோணும்னு" என்று கூடத்திலிருந்து குப்புராஜ் ஆரம்பித்தது அவள் காதில் விழுந்திருந்தது. மீதி வரவில்லை. வந்து பார்த்தாள். டி.வி.க்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில், பாதி உடம்பைச் சமையலறைப் பக்கம் திருப்பி, வலது கையைக் கொஞ்சம் தூக்கி, வாயைத் திறந்தபடி அவள் புருசன் அப்படியே இருந்தார். டி.வி.யில் அவர்களுடைய கல்யாணம். இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய அவருடைய மெலிந்த கைகள் தாலியைப் பிடித்தபடி இவள் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றிருக்க, அதன்மேல், படம் வராமல் திக்கும்போது தோன்றும் அந்த வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கண்ணுக்குள் குனிந்து பார்த்தாள். ரெண்டு கருவிழியிலும், கடுகளவில், அதே வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க" என்றாள். சுற்றியது. "காப்பி வெக்கட்டுங்களா" என்றாள். அதற்கும் சுற்றியது. இருபத்தெட்டு வருடத்தில் காப்பிக்குப் பதில் வராதது இதுதான் முதல் தடவை என்பதால், விசயம் பெரிதுதான் என்று சுலோசனா நினைத்துக்கொண்டாள்.

கோயம்புத்தூருக்கு வடக்கே, பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்துக்கும் அப்பால் இருக்கும் மருதம் குடியிருப்பில் மொத்தம் முப்பத்தாறு வீடு. முப்பத்தாறு வீட்டுக்கும் ஒரு சம்ப், ஒரு டேங்க், குப்புராஜ் வீட்டில் அதற்கொரு மோட்டார் சுவிட்ச், ஒரு லிஃப்ட், ஒரு பெட்டி. பெட்டி என்றால் மொட்டைமாடியில் லிஃப்ட் ரூமுக்குள் ஒரு மின்விசிறியின் தயவில் இருக்கும், ரெண்டு ஹார்ட்டிஸ்க் வைத்த கறுப்புப் பெட்டி. முப்பத்தாறு வீட்டுக் கல்யாணங்கள், காதுகுத்துகள், மஞ்சள் நீராட்டுகள், யாரோ யாரிடமோ வாங்கிப் போட்ட படங்கள், பார்த்து முடிக்கவே முடியாத சீரியல்கள், வரிரசீது நகல்கள், ஒரு வீட்டுக்காரர் தன் நாய்க்கு எடுத்த நாலாயிரம் போட்டோக்கள் எல்லாம் அதற்குள்தான். மில் மூடியபோது ஃபிட்டர் வேலையை விட்டு வீட்டுக்கு வந்த குப்புராஜ், யாரும் சொல்லித்தராமல் மூணு மாதம் வீடியோ பார்த்துப் பார்த்து இதைக் கற்று, தானே கட்டிவைத்தது. பெட்டியிலிருந்து ஒரே ஒரு கேபிள் கீழே அவர் வீட்டுக் கூடத்துக்கு இறங்கும், அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் பிரியும். பணிவுள்ள ஏற்பாடு. பத்துப் பேர் ஒரே நேரத்தில் படம் போட்டால் கொஞ்சம் திக்கும், திட்டுவார்கள், ரெண்டு பேர் அணைத்தால் சரியாகிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மட்டும், படம் திக்கினால் அதைப் போட்டுப் பார்க்கிறவரும் திக்கினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளியூரில் இப்படி ஒன்று நடந்திருந்தால் என்னென்னவோ ஆகியிருக்கும். மருதம் குடியிருப்பில் மறுநாள் நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டினார்கள். ஒன்று, அடுப்பில் பால் வைத்துவிட்டுப் படம் பார்க்கக் கூடாது. ரெண்டு, ஒரே நேரத்தில் ஏழு வீட்டுக்கு மேல் படம் போடக் கூடாது. மூணு, கண்ணில் வட்டம் சுத்திக்கொண்டிருப்பவர்களைக் குழந்தைகள் தொட்டு விளையாடக் கூடாது. ஒரு வாரத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. "சார் இருக்காருங்களா?" "இருக்காரு, சுத்திட்டு இருக்காரு, சாயங்காலமா வாங்க" என்று வாசலில் பேசிக்கொண்டார்கள். ஆபீசுக்கு லீவு சொல்ல ஒரு காரணம் கிடைத்தது. மாமியார் ஊரிலிருந்து வந்தால் சரியாக அந்த நேரம் பார்த்துப் பெரிய படமாகப் போடும் மருமகள்கள் உண்டானார்கள். சங்கத் தலைவர் நாச்சிமுத்து, பேரன் பிறந்தநாள் வீடியோவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பார்க்கிங் ஒழுங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், ஆட்காட்டி விரலைத் தூக்கியபடி மூணரை மணி நேரம் சுற்றினார். யாராவது தங்கள் வீட்டு டி.வி.யை அணைத்தால் அவர் பிழைப்பார் என்று தெரிந்ததும், மற்ற வீட்டுக்காரர்கள் அமைதியாகப் போய் இன்னும் எட்டுப் படம் போட்டார்கள்.

எல்லோரும் சுற்றினார்கள், எல்லோரும் மீண்டார்கள். குப்புராஜ் மட்டும் மீளவில்லை. முப்பத்தைந்து வீட்டிலும் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்தார்கள். அவர் வீட்டு டி.வி.யையே அணைத்தும் பார்த்தார்கள், அப்போதும் அவர் கண்ணில் வட்டம் நிற்கவில்லை. தலைவர் வீட்டு மாப்பிள்ளை, கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவர், பெட்டிக்குள் எட்டிப்பார்த்துவிட்டுக் காரணத்தைச் சொன்னார்.

"மத்த எல்லாக் கல்யாணத்தையும் எடம் அடைக்காம நல்லாச் சுருக்கி வெச்சிருக்காருங்க. இவரு கல்யாணத்த மட்டும் சுருக்கவே இல்ல. கேசட்டுல இருந்து எடுத்தது எடுத்தபடி அப்படியே கெடக்குது. ஆனை மாதிரி. இது அந்தக் கேபிள்ல வராதுங்க."

"ஏன் சுருக்கல?" என்றார் தலைவர்.

மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. ஆனால் வாசலில் நின்றிருந்த பெண்களுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. முப்பத்தைந்து கல்யாணத்தைச் சுருக்கிய மனுசன் தன்னுடையதில் ஒரு புள்ளிகூடக் குறைய விடவில்லை. கல்யாண நாளும் அதுவுமாக, தாலி கட்டும் இடத்தில், பொண்டாட்டியைத் திரும்பிப் பார்த்து, இத்தனை வருசமா ஒண்ணு சொல்லணும்னு என்று ஆரம்பித்திருக்கிறார். இதற்கு மேலா ஒருத்தர் விளக்கம் கேட்பார்?

அதன்பிறகு சுலோசனாவின் கூடம் அவளுடையதாக இல்லை. முதலில் நாலாவது மாடிப் பெண் ஒரு முழம் மல்லிகையை டி.வி. மேல் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் டி.வி. சட்டத்துக்குக் குங்குமம் வந்தது. கல்யாணம் தட்டிப்போகிறவர்கள் ஜாதகத்தை ரவுட்டர் மேல் வைத்து எடுத்தார்கள், அதன் பச்சை விளக்கு சிமிட்டினால் சம்மதம் என்று அர்த்தம், அது ஒரு நொடிக்கு நாலு தடவை சிமிட்டும் சாதனம் என்பதால் எல்லோருக்கும் சம்மதம் கிடைத்தது. சண்டை போட்ட ஜோடிகளை அழைத்துவந்து குப்புராஜுக்கு எதிரே உட்காரவைத்தார்கள். "அந்தக் கண்ணப் பாருங்க, உங்களுக்கு என்னிக்காச்சும் அப்படிப் பார்க்கத் தெரியுமா?" என்று பெண்டாட்டிகள் கேட்க, "அவரு பாக்கலம்மா, லோடு ஆகிட்டிருக்காரு" என்று சொன்ன ஒரு மனுசனுக்கு ரெண்டு நாள் சோறு கிடைக்கவில்லை.

பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சர் மட்டும் பூ கொண்டுவரவில்லை. பெருமாள் கோயில் கூட்டத்தைப் பார்க்கிற மாதிரி வாசலில் சாய்ந்து பார்த்துவிட்டு, "சுலோக்கா, செருப்பு வெக்க டோக்கன் குடுக்கலாம்" என்றாள்.

"நீ வேற."

"என்னதான்க்கா சொல்ல வந்திருப்பாரு?"

சுலோசனா டி.வி. மேலிருந்து உதிர்ந்த பூவைப் பெருக்கித் தள்ளினாள். அவளுக்கு வேறு ஒரு கவலை இருந்தது. அதை ரெஜினாவிடம்கூடச் சொல்ல முடியாது. புருசனை எப்படி மீட்பது என்று அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

ரவுட்டரை மாற்றலாம், பெட்டியை மாற்றலாம், வாஸ்து பார்க்கலாம் என்று குடியிருப்பே ஆளுக்கொரு வைத்தியம் சொன்னது. ஒருவருக்கும் சுலோசனாவைக் கேட்கத் தோன்றவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் குப்புராஜ் அந்தக் கேபிளைக் கட்டியபோது லிஃப்ட் ரூமில் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தவள் அவள். கேபிளுக்குள் எட்டுக் கம்பி. "நாலு போதும் புள்ள, ஆரஞ்சும் பச்சையும் படத்துக்கு. மீதி நாலு சும்மாதான கெடக்குது. நீலத்தையும் பழுப்பையும் டேங்க் அலாரத்துக்குக் குடுத்துட்டா தனி வயரு மிச்சம்" என்று சொல்லி, உலகத்தில் ஒரு மில் ஃபிட்டருக்கு மட்டுமே தோன்றக்கூடிய அந்தச் சிக்கனத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்து முடித்தார். எட்டுக் கம்பியும் சேர்ந்தால் பத்து மடங்கு ஓடும் என்பது பின்னால்தான் அவருக்கே தெரிந்தது. "அப்புறம் பிரிச்சுடலாம்" என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. அதாவது, கூடத்தில் இத்தனை நாளாகத் தாலி கழுத்துக்கு வராமல் நின்றதற்குக் காரணம் ஒரு தண்ணி டேங்க். அலாரத்தைப் பிடுங்கிவிட்டு எட்டையும் கேபிள் நுனியில் செருகும் ஒரே தலையில் சேர்த்து அமுக்கினால் போதும், அவர் பேசி முடித்துவிடுவார்.

பேசி முடித்துவிடுவாரே என்பதுதான் கவலை.

இருபத்தெட்டு வருடத்தில் குப்புராஜ் அவளிடம் சொன்னதை எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். தண்ணி. சோறு. சாவி எங்க. டார்ச் புடி. நல்ல மனுசர்தான், கையை ஓங்கினதில்லை, குடித்ததில்லை, ஒரு ஸ்பேனரைப் பார்க்கிற கவனத்தோடு அவளைப் பார்த்ததும் இல்லை. இப்போது காலையில் எழுந்து வந்தால், வாய் திறந்து, கண் கலங்கினாற்போல, அவளிடம் சொல்ல ஒன்றை வைத்துக்கொண்டு ஒருத்தர் காத்திருக்கிறார். எதிரே ஸ்டூலைப் போட்டு வெங்காயம் உரித்தபடி அவள் பேசுவாள். தங்கச்சி வீட்டு விசேசத்துக்கு அவர் வராமல் விட்டது, மில் மூடிய அன்று அவர் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துபோனது, கேசட்டைக் கேட்டபோதெல்லாம் "பத்திரமா இருக்குது" என்று சொல்லியே காலத்தை ஓட்டியது, எல்லாவற்றையும். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். பசிக்கவில்லை அவருக்கு, தாடி வளரவில்லை. மீதி வார்த்தையைத் தினம் ஒன்றாக அவளே போட்டுப் பார்த்தாள். ஒருநாள் அது மன்னிப்பாக இருந்தது. ஒருநாள் அவள் ரசத்தைப் பற்றி இருந்தது. ஒருநாள், இந்த வயதில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் அவள் மனசுக்குள்கூட மெதுவாகச் சொல்லிக்கொண்ட ஒன்றாக இருந்தது. அவர் உண்மையில் எதைச் சொன்னாலும் இவற்றில் ஒன்றுதான் மிஞ்சும், மற்றதெல்லாம் போய்விடும். ஒன்றுகூட மிஞ்சாமலும் போகலாம். அதனால் அவளும் "அப்புறம்" என்றாள்.

நாற்பத்து மூணாவது நாள் பொதுக்குழு கூடியது. முப்பத்தாறு வீட்டுக்கும் பக்தி இருந்தது, முப்பத்தாறு வீட்டுக்கும் அதைவிடச் சீரியலும் இருந்தது. தலைவர் நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார்.

"சுலோசனாம்மா, தப்பா நெனைக்கப்படாது. பெட்டி நெறஞ்சுபோச்சு. உள்ளதுலயே பெருசு உங்க கல்யாணந்தான். நின்ன எடம் வரைக்கும் நாங்க எல்லாரும் பாத்தும் ஆச்சு. அத அழிச்சுட்டா எடமும் கெடைக்கும், படம் இல்லீன்னா வட்டமும் இல்ல, குப்புராஜும் எந்திரிச்சுடுவாரு. நாளைக்குப் பதினோரு மணிக்கு மாப்பிள்ள வந்து அழிச்சுடுவாருங்க."

"அவரு சொல்ல வந்தது?"

தலைவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார். "படத்தோட சேந்து போயிருங்க. பாதியில நின்னதுதானே."

"ஒரு தீர்மானமா எழுதிக்கலாம்" என்றார் தலைவர்.

மறுநாள் பதினொரு மணிக்கு, அழிப்பதைப் பார்க்கவும் அதற்கு முன் கடைசியாக ஒரு தடவை கும்பிடவும் எல்லோரும் கூடத்திலும் வாசலிலும் படிக்கட்டிலும் நிரம்பியிருந்தார்கள். சுலோசனா குப்புராஜின் டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள்.

"அர மணி நேரம் குடுங்க" என்றாள். "ரெஜினா, வா. டார்ச் புடி."

லிஃப்ட் ரூமில் கேபிள் நுனியிலிருந்த பழைய கண்ணாடித் தலையை வெட்டியெறிந்து, கேபிளின் தோலை உரித்தாள். டேங்க் அலாரத்துக்குப் போன நீலத்தையும் பழுப்பையும் பிடுங்கினாள். எட்டுக் கம்பியையும் நெளிவு எடுத்து, விரல்நுனியில் வரிசையாக நிறுத்தி, ஒரே வெட்டில் சமமாக்கி, புதுத் தலைக்குள் நுழைத்து அமுக்கினாள்.

"இதெல்லாம் எப்பக்கா கத்துக்கிட்டீங்க?"

"டார்ச் புடிக்கறவளுக்குத்தான் நல்லாத் தெரியும்."

"அப்ப இத்தன நாளா ஏன்…" என்று ஆரம்பித்த ரெஜினா, சுலோசனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, மீதியைக் கேட்காமல் டார்ச்சைக் கொஞ்சம் கிட்டத்தில் பிடித்தாள். தானாகவே பாதியில் நிறுத்தத் தெரிந்த ஒரே ஆள் அந்தக் குடியிருப்பில் அவள்தான்.

கீழே வந்து கூடத்து முனையிலும் அதையே செய்தாள். செருகுவதற்கு முன் ஒரு தடவை அவரை நிமிர்ந்து பார்த்தாள். திறந்த வாய், தூக்கிய கை, கலங்கினாற்போன்ற கண். நல்லா இருந்தீங்க, என்று மனசுக்குள் சொல்லிவிட்டுச் செருகினாள். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

டி.வி.யில் வட்டம் மறைந்தது. நாதஸ்வரம் வந்தது. மெலிந்த கைகள் முன்னால் நகர்ந்தன, அட்சதை தூவ எல்லாக் கையும் உயர்ந்தது, கூடத்தில் நின்றவர்கள் அனிச்சையாகத் தங்கள் கையையும் தூக்கினார்கள். தாலி கழுத்தைத் தொடப்போன அந்த நொடியில், படம் ஒரு இழுப்பு இழுத்து, பச்சைப் புல்லாக மாறியது. வெள்ளை உடுப்பில் ஒருவன் தூரத்திலிருந்து ஓடிவந்து பந்து போட்டான்.

"நெனச்சுட்டே இருந்தேன்" என்று குப்புராஜ் முடித்தார், "இதுக்கு மேல கிரிக்கெட்டு, புள்ள. தெரியாம அந்தக் கேசட்டுலயே டி.வி. மேட்ச்சப் பதிஞ்சுப்போட்டேன்."

முப்பத்தைந்து வீடும் தூக்கிய கையோடு நின்றது. குப்புராஜ் தன் கூடத்தை, டி.வி. மேலிருந்த பூவை, குங்குமத்தை, ரவுட்டர் மேலிருந்த ஜாதகக் கட்டை, வாசலில் தொங்கிய தலைகளை எல்லாம் மெதுவாகப் பார்த்தார். யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று கேட்க வாயெடுத்தவர், எதற்கும் இருக்கட்டும் என்று மூடிக்கொண்டார்.

தலைவர்தான் முதலில் பேசினார். "யாரு ஜெயிச்சா?"

"மழைங்க. பாதியில நின்னுபோச்சு."

கூட்டம் கலைந்தது. ஜாதகங்களை எடுத்துக்கொண்டார்கள். நாலாவது மாடிப் பெண் மல்லிகையைத் திரும்ப எடுப்பதா வேண்டாமா என்று ரெண்டு தடவை கையை நீட்டி, கடைசியில் வாடிப்போனதை மட்டும் விட்டுவிட்டுப் போனாள். அன்று மத்தியானத்துக்குள் முப்பத்தைந்து வீட்டிலும் படங்கள் துளி திக்காமல் ஓடின, பத்து மடங்கு வேகத்தில், சுலோசனாவுக்கு நன்றி சொல்லி ஒரு தீர்மானம் எழுதலாம் என்று நினைத்த தலைவர் சீரியல் தடங்கலில்லாமல் ஓடியதால் எழுந்திருக்கவில்லை.

கூடத்தில் ரெண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். சுலோசனா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இருபத்தெட்டு வருசம் பத்திரமா இருக்குது, பத்திரமா இருக்குதுன்னு சொன்னது இதத்தானுங்களா?"

"மொத நாலு நிமிசம் இருக்குது" என்றார்.

"சரி, இந்தக் கண்றாவிய எதுக்குச் சுருக்காம வெச்சிருந்தீங்க? ஊரே என்னென்னமோ நெனச்சுப்போச்சு."

குப்புராஜ் தரையைப் பார்த்தார். "சுருக்குனா மேல தெரியறது மட்டுந்தான் நிக்கும். அடியில இருக்கறதக் கழிச்சுப்போடும். பழைய கேசட்டுல அழிச்சது முழுசா அழியாதுன்னு எங்கியோ படிச்சேன். புல்லுக்கு அடியில எங்கியாச்சும் நீ ஒட்டிட்டு இருப்பேன்னு…" நிறுத்தினார். இந்தத் தடவை வட்டம் எதுவும் சுற்றவில்லை, அவராகத்தான் நின்றார். "மேல லிஃப்ட் ரூமுல லேப்டாப்ப நேரா பெட்டியில சொருகிப் பாத்துட்டே இருப்பேன். ஒம்பது வருசமா. ஒண்ணும் கெடைக்கல. அதான் சொல்லிப்போடலாம்னு கீழ கொண்டாந்தேன்."

நாற்பத்து மூணு நாளில் அவள் போட்டுப்பார்த்த வார்த்தைகளில் இது இல்லை. லிஃப்ட் ரூமில் அந்த வெக்கையில் ஒரு மனுசன் கிரிக்கெட் புல்லை ஒன்பது வருடமாக விரலால் கிளறிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தாள். கோபம் வரவேண்டிய இடத்தில் என்ன வருகிறது என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"அறிவுங்கறது கொஞ்சமாச்சும் இருக்குதுங்களா?" என்றாள்.

"இல்ல" என்றார் அவர்.

"தலைய நகத்துங்க. மறைக்குது."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார். ரெண்டு பேரும் மேட்ச் பார்த்தார்கள். யார் எந்த அணி என்று அவள் கேட்கவில்லை. புல்லின் கீழ் ஓரத்தில் அரக்கு நிறத்தில் ஒரு கீற்று வந்து போனது, அது கேசட்டின் கோடா, முகூர்த்தப் புடவையின் கரையா என்று பார்ப்பதற்குள் மேகம் கூடிவிட்டது. வெள்ளை உடுப்புக்காரர்கள் ஓடினார்கள், மைதானத்தின் மேல் தார்ப்பாயை இழுத்தார்கள், மழை பிடித்துக்கொண்டது. மழைச் சத்தம் கூடம் முழுக்க நிறைந்தது. அது கொஞ்சம் அதிகமாகவே நிறைகிறது என்று அவளுக்குத் தோன்றியபோது, ஜன்னலுக்கு வெளியே மொட்டைமாடியிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சொல்வதற்குச் சுவரில் இருந்த பெண்ணுக்கு இனி கம்பி இல்லை.

சுலோசனா எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினாள். பிறகு சமையலறைக்குப் போய், மீதி வெங்காயத்தை உரிக்க உட்கார்ந்தாள்.